ஒரே கம்பியில் ஏசியும் டிசியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நேர்திசை மின்சாரத்தையும் மாறுதிசை மின்சாரத்தையும் ஒரே சுற்றில் சேர்ப்பதையும் பிரிப்பதையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடைகளிலும் பணிமனைகளிலும் வழங்குகிறபடி, மாறுதிசைக்கு ஏசி, நேர்திசைக்கு டிசி என்ற பெயர்களையே இங்கும் பயன்படுத்துகிறோம்.

கேள்வி: கண்டென்சர் மைக் சுற்றில், பேட்டரியிலிருந்து டிசி வந்து சேர்வதும் பேச்சின் ஏசி வெளியே எடுக்கப்படுவதும் மைக்கின் ஒரே முனையில்தான். ஒன்று ஒரே திசையிலும் மற்றொன்று இரு திசைகளிலும் ஒரே கம்பியில் எப்படி ஓட முடியும்? (பாலிடெக்னிக் மாணவி, விருதுநகர்)

பதில்: உங்கள் குழப்பத்துக்கு நீங்கள் காரணமல்ல. ‘மாறுதிசை’ என்ற சொல்லே காரணம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மின்னோட்டம் முன்னும் பின்னுமாகத் திரும்புகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். மைக் சுற்றிலோ மின்னோட்டம் ஒருபோதும் திரும்புவதில்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 4.7 கிலோ ஓம் மின்தடை வழியாக மைக்குக்கு மின்சாரம் தருகிறீர்கள் என்றும், மைக்குக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அமைதியான நேரத்தில் 0.5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மின்தடையில் 2.35 வோல்ட் குறைந்து, மைக்கின் முனையில் 6.65 வோல்ட் நிற்கும். இப்போது நீங்கள் பேசினால் அந்த மின்னழுத்தம் மேலும் கீழுமாக 10 மில்லி வோல்ட் அசைகிறது எனில், முனையில் உண்மையில் இருப்பது 6.64 வோல்ட்டுக்கும் 6.66 வோல்ட்டுக்கும் இடையில் ஆடும் ஒரே மின்னழுத்தம்தான். மின்னோட்டமும் 0.498 மில்லி ஆம்பியருக்கும் 0.502 மில்லி ஆம்பியருக்கும் இடையில் கூடிக் குறைகிறதே தவிர, திசை மாறுவதில்லை. அந்த ஒரே மின்னழுத்தத்தை ‘6.65 வோல்ட் டிசி’ என்றும் ‘10 மில்லி வோல்ட் உச்சமுள்ள ஏசி’ என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நாம்தான். சராசரி எதுவோ அது டிசி. சராசரியிலிருந்து விலகி ஆடுவது எதுவோ அது ஏசி. இப்படிப் புரிந்துகொண்டால் கம்பிக்குள் இரண்டு ஓட்டங்கள் மோதிக்கொள்ளும் காட்சி மனத்திலிருந்து தானே மறைந்துவிடும்.

இது வெறும் பார்வை வசதி மட்டுமல்ல. மின்தடை, மின்தேக்கி (கெபாசிட்டர்), மின்தூண்டி (கம்பிச் சுருள்) ஆகியவை மட்டுமே உள்ள சுற்றில், டிசியின் விளைவைத் தனியாகவும் ஏசியின் விளைவைத் தனியாகவும் கணக்கிட்டு, இறுதியில் இரண்டையும் கூட்டினால் சரியான விடையே வரும். இதைத்தான் உங்கள் பாடநூல் மேற்பொருந்துதல் தத்துவம் என்கிறது. டிசிக்குக் கணக்கிடும்போது மின்தேக்கியை அறுந்த கம்பியாகக் கொள்ளுங்கள். ஏசிக்குக் கணக்கிடும்போது பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிட்டதாகக் கொள்ளுங்கள். பேட்டரியை ஏன் இணைத்துவிட வேண்டும் என்பது மாணவர்கள் பலருக்கும் கடைசிவரை விளங்காமலே போகும் இடம். காரணம் எளியது: பேட்டரியின் முனை 9 வோல்ட்டிலேயே அசையாமல் நிற்கிறது, அசையாத புள்ளியில் ஏசி சுழி. ஏசியின் பார்வையில் அதற்கும் பூமி முனைக்கும், அதாவது சுற்றின் பொதுவான சுழி முனைக்கும், வேறுபாடு இல்லை. டையோடு போன்ற உறுப்புகளில் இந்தத் தத்துவம் அப்படியே பொருந்தாது. ஆனால் ஆட்டம் மிகச் சிறியதாக இருக்கும்வரை தோராயமாகப் பொருந்தும். சிறு அலைகளுக்கான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் கணக்குகள் அந்தத் தோராயத்தின் மீதுதான் நிற்கின்றன.

கேள்வி: சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பழுதுபார்த்தபோது ஸ்பீக்கருக்குப் போகும் 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் கைவசம் இல்லாததால் 100 மைக்ரோ ஃபாரட் போட்டேன். பாட்டு கேட்கிறது, ஆனால் கனம் இல்லை. நடுவில் மின்காப்புப் பொருள் இருக்கும்போது கெபாசிட்டர் வழியாக ஒலி எப்படிப் போகிறது? அதன் அளவு ஏன் முக்கியம்? (ரேடியோ பழுதுபார்ப்பவர், ஈரோடு)

பதில்: முதலில் அந்த மின்தேக்கி அங்கே ஏன் இருக்கிறது என்று பார்ப்போம். 9 வோல்ட் ஒற்றை மின்வழங்கியில் இயங்கும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு, அலை மேலும் கீழும் சமமாக ஆட இடம் வேண்டும் என்பதற்காக, நடுவில் 4.5 வோல்ட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரை அதில் நேராக இணைத்தால் பாட்டே இல்லாத நேரத்திலும் அரை ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, சுமார் 2.5 வாட் வெப்பம் ஸ்பீக்கரின் காயிலில் சேரும். கூம்பும் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டே நிற்கும்.

மின்தேக்கியின் ஒரு தகட்டிலிருந்து மறுதகட்டுக்கு எலக்ட்ரான்கள் தாண்டிச் செல்வதே இல்லை. ஒரு தகட்டில் மின்னூட்டம் கூடும்போது எதிர்த்தகட்டிலிருந்து அதே அளவு விலக்கித் தள்ளப்படுகிறது. தள்ளப்படுவதுதான் வெளிச்சுற்றில் மின்னோட்டமாகத் தெரிகிறது. ஆகவே மின்னழுத்தம் மாறிக்கொண்டிருக்கும்வரை ஓட்டம் இருக்கும், மாற்றம் நின்றால் ஓட்டமும் நிற்கும். ஆம்ப்ளிஃபையரை இயக்கியவுடன் ஸ்பீக்கரில் ‘தொப்’ என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். மின்தேக்கி 4.5 வோல்ட் வரை நிரம்புவதற்காக ஸ்பீக்கர் வழியாக ஓடிய மின்னோட்டத்தின் சத்தம் அது. டிசியையும் அது முதல் சில நொடிப்பகுதிகளுக்கு அனுமதித்துவிட்டுத்தான் தடுக்கிறது.

அளவுக்கு வருவோம். மின்தேக்கி ஏசிக்குக் காட்டும் எதிர்ப்பை மின்மறுப்பு என்கிறோம். 1,59,000 என்ற எண்ணை, ஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணாலும் மைக்ரோ ஃபாரடில் உள்ள கொள்ளளவாலும் வகுத்தால், மின்மறுப்பு ஓமில் கிடைத்துவிடும். பணிமனைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளத் தக்க எண் இது. உங்கள் 100 மைக்ரோ ஃபாரடை இதில் போட்டால், 200 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு ஏறத்தாழ 8 ஓம், அதாவது ஸ்பீக்கருக்குச் சமம். அதற்குக் கீழே ஒலி விரைவாகத் தேய்கிறது. 100 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு 16 ஓமாகி, ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் திறன் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆண் குரலின் அடித்தொனியும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதமும் வாழும் பகுதி அதுதான். 1000 மைக்ரோ ஃபாரட் போட்டிருந்தால் இந்த எல்லை 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். ஆகவே ‘மின்தேக்கி ஏசியை விடும், டிசியைத் தடுக்கும்’ என்ற வாக்கியத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். எந்த அதிர்வெண்ணில், எந்தச் சுமையோடு என்ற இரண்டையும் கேட்ட பிறகே அது பொருள் தரும்.

கேள்வி: நானே செய்த 12 வோல்ட் மின்வழங்கியில் ஆம்ப்ளிஃபையரை இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. டிசியில் இரைச்சல் எங்கிருந்து வந்தது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அது முழுமையான டிசி அல்ல. நான்கு டையோடுகள் கொண்ட பாலம், 50 ஹெர்ட்ஸ் அலையின் இரு பாதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்புவதால், டிசியின் மீது 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்று ஏறி நிற்கிறது. நீங்கள் கேட்பது அதைத்தான். இங்கே மின்தேக்கியின் வேலை முந்தைய பதிலில் சொன்னதற்கு நேர்மாறு. கம்பியில் தொடராக வைத்தால் ஏசியை அடுத்த பகுதிக்குக் கொண்டு செல்லும் அதே உறுப்பு, கம்பிக்கும் பூமி முனைக்கும் குறுக்கே வைத்தால் ஏசியை வழியிலேயே பூமிக்கு இறக்கிவிடுகிறது. அரை ஆம்பியர் சுமைக்கு 1000 மைக்ரோ ஃபாரட் மட்டும் வைத்திருந்தால், நூறில் ஒரு நொடிக்குள் மின்னழுத்தம் தோராயமாக 5 வோல்ட் வரை சரியும். 4700 மைக்ரோ ஃபாரட் வைத்தால் சரிவு 1 வோல்ட் அளவுக்குக் குறையும். அதன் பின் 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றைச் சேர்த்தால் மீதியும் அடங்கும். ஆனால் சரிவின் அடிப்பகுதியிலும் ரெகுலேட்டரின் உள்ளீடு 14 வோல்ட்டுக்குக் கீழே போகாதபடி டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மாடியிலுள்ள டிஷ்ஷிலிருந்து வீட்டுக்கு வருவது ஒரே கேபிள். டிஷ்ஷின் தலையில் அலைகளை வாங்கும் கருவியான எல்என்பிக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது? கேபிளை நீளமாக்கிய பிறகு சில சேனல்கள் மட்டும் ஏன் வருவதில்லை? (கேபிள் பணியாளர், நாகர்கோவில்)

பதில்: ஏசியையும் டிசியையும் சேர்த்துப் பிரிக்கும் கலையை இதைவிட அழகாகக் காட்டும் எடுத்துக்காட்டு வீட்டில் வேறு இல்லை. இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு நீண்ட பதில் எழுதுகிறேன்.

அந்த ஒரே கேபிளில் மூன்று வேலைகள் நடக்கின்றன. செட் டாப் பாக்ஸிலிருந்து மேல்நோக்கி டிசி செல்கிறது. எல்என்பியை இயக்குவதோடு அது ஒரு கட்டளையாகவும் பயன்படுகிறது. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்துத் தளத்தில் அதிரும் அலைகளையும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைத்தளத்தில் அதிரும் அலைகளையும் எல்என்பி தேர்ந்தெடுக்கிறது. இரண்டு அலைவரிசைப் பட்டைகளையும் ஏற்கும் எல்என்பியாக இருந்தால், மேல் பட்டைக்கு மாறச் சொல்வதற்காக அந்த டிசியின் மீது சுமார் 0.6 வோல்ட் உயரத்தில் 22 கிலோ ஹெர்ட்ஸ் ஏசி ஒன்றும் ஏற்றி அனுப்பப்படுகிறது. கீழ்நோக்கி வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சேனல் அலைகள்.

கேபிளின் இரு முனைகளிலும் ஒரு சிறு மின்தேக்கியும் ஒரு சிறு மின்தூண்டியும் இவற்றைப் பிரிக்கின்றன. அலைகளின் பாதையில் 100 பிகோ ஃபாரட் மின்தேக்கியும், டிசியின் பாதையில் 1 மைக்ரோ ஹென்றி மின்தூண்டியும் இருப்பதாகக் கொள்வோம். 1000 மெகாஹெர்ட்ஸில் அந்த மின்தேக்கியின் எதிர்ப்பு ஒன்றரை ஓமுக்குச் சற்று மேல். மின்தூண்டியின் எதிர்ப்போ, குறைகளற்றதாகக் கொண்டால், 6000 ஓமுக்கு மேல். 75 ஓம் கேபிளில் வரும் அலைக்கு முதலாவது திறந்த கதவாகவும் இரண்டாவது மூடிய கதவாகவும் தெரியும். டிசிக்கு இது தலைகீழ். இடையில் இருக்கும் 22 கிலோ ஹெர்ட்ஸ் எந்தப் பக்கம் போகும்? அதுவும் ஏசிதானே, மின்தேக்கி வழியாகத்தானே போக வேண்டும் என்று தோன்றும். கணக்கிட்டால் மின்தேக்கி அதற்கு 72,000 ஓம் எதிர்ப்புக் காட்டுகிறது, மின்தூண்டியோ 0.14 ஓம்தான். ஆகவே இந்த ஏசி, டிசியின் பாதையிலேயே சேர்ந்து போய்விடுகிறது. உறுப்பு பார்ப்பது பெயரை அல்ல, அதிர்வெண்ணையே.

இனி உங்கள் சேனல் சிக்கல். எல்என்பி 150 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, போய்வரும் கேபிளின் மொத்த மின்தடை 10 ஓம் என்றால், வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். 18 வோல்ட் 16.5 ஆகச் சென்றடையும், அது போதும். இணைப்பில் நீர் புகுந்தோ, பலமுறை ஒட்டுப் போட்டதாலோ மின்தடை 20, 25 ஓம் என்று ஏறினால், சென்றடைவது 15 வோல்ட்டை நெருங்கும். அந்த அளவில் எல்என்பி அதை 18 என்று கொள்வதா 13 என்று கொள்வதா எனத் தடுமாறி, செங்குத்துத் தளத்திலேயே நின்றுவிடும். கிடைத்தளத்துச் சேனல்கள் மட்டும் மறைவது இதனால்தான்.

கேபிளின் வகையும் முக்கியம். நடுக்கம்பி முழுச் செம்பாக இல்லாமல், எஃகின் மேல் செம்பு பூசியதாக இருக்கும் கேபிள்கள் சந்தையில் ஏராளம். 1000 மெகாஹெர்ட்ஸ் அலையின் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ இரண்டு மைக்ரோ மீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஓடுவதால், உள்ளே எஃகு இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. டிசியோ கம்பியின் முழுத் தடிமனையும் பயன்படுத்துவதால், எஃகின் பல மடங்கு மின்தடையை அனுபவிக்கிறது. ஒரே கம்பி, இரண்டு மின்சாரங்களுக்கும் இரண்டு வெவ்வேறு கம்பிகள். நீளமான ஓட்டத்துக்கு முழுச் செம்புக் கேபிளை வாங்குங்கள். நடுவில் ஸ்ப்ளிட்டர் வைத்தால் டிசியைக் கடத்தும் வாயிலில்தான் செட் டாப் பாக்ஸை இணைக்க வேண்டும். அலைகளை மட்டும் கடத்தும் வாயிலில் இணைத்தால் எல்என்பிக்கு உயிரே வராது.

கேள்வி: 12 வோல்ட் டிசியின் மீது 5 வோல்ட் ஏசி சேர்ந்தால் மொத்தம் 17 வோல்ட்தானே? ஆசிரியர் 13 என்கிறார். (மாணவர், தஞ்சாவூர்)

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. 5 வோல்ட் என்பது ஏசியின் பயனுறு மதிப்பு என்றால், ஒரு மின்தடையைச் சூடாக்கும் ஆற்றலைப் பொறுத்தவரை இரண்டும் வர்க்கங்களாகவே கூடும். 144-உம் 25-உம் சேர்ந்து 169. அதன் வர்க்கமூலம் 13. ஏசி ஒரு பாதியில் டிசியோடு சேர்ந்து கூட்டுகிற அளவை மறுபாதியில் கழித்துவிடுவதால், குறுக்குப் பெருக்கலின் சராசரி சுழியாகிறது.

மல்டிமீட்டரில் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. டிசி நிலையில் 12-உம், ஏசி நிலையில் 5-உம் காட்டும் மீட்டர்களே மிகுதி. ஆனால் எளிய அமைப்புள்ள சில மீட்டர்கள், ஏசி நிலையில் உள்ளே மின்தேக்கி இல்லாததால், டிசியையும் கலந்து தவறான எண்ணைக் காட்டும். உங்கள் மீட்டரை ஏசி நிலையில் வைத்து 9 வோல்ட் பேட்டரி ஒன்றை, முனைகளை மாற்றி இருமுறை அளந்து பாருங்கள். இருமுறையும் சுழியை ஒட்டி வந்தால் நம்பலாம்.

கேள்வி: அலை வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் சதுர அலையின் தட்டையான தலை, ஏசி பொத்தானை அழுத்தியதும் சரிவாகிறது. கருவி பழுதா? (பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: பழுதில்லை. அந்தப் பொத்தான் உள்ளே ஒரு மின்தேக்கியைத் தொடரில் சேர்க்கிறது. பெரும்பாலான கருவிகளில் அது சில ஹெர்ட்ஸிலிருந்து 10 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குக் கீழே உள்ளவற்றைத் தேய்க்கத் தொடங்கும். சதுர அலையின் தட்டைப் பகுதி நீண்ட நேரம் நின்றால், மின்தேக்கி அதை டிசி என்று கொண்டு மெல்லச் சுழியை நோக்கி இழுக்கிறது; நீங்கள் காணும் சரிவு அந்த இழுப்பு. மெதுவான அலைகளை டிசி நிலையிலேயே பாருங்கள்.

கேள்வி: வீட்டு மின்சாரத்தின் அலை வடிவத்தை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் பதிவு செய்ய விரும்புகிறேன். அது 0 முதல் 5 வோல்ட் வரைதான் ஏற்கிறது. எதிர்மறைப் பாதியை என்ன செய்வது? (பள்ளி ஆசிரியர், திருவண்ணாமலை)

பதில்: 230 வோல்ட் சாக்கெட்டிலிருந்து ஒரு கம்பியைக்கூட ஆர்டுயினோவின் அருகே கொண்டுவர வேண்டாம். நல்ல காப்புள்ள, மூடிய பெட்டியில் வரும் 6 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். அதன் வெளிச்சுருள் எதனோடும் இணையாமல் தனியாக மிதப்பது பாதுகாப்பைத் தருவதோடு, டிசியைச் சேர்ப்பதையும் எளிதாக்குகிறது. மின்தேக்கி வழியாகச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கும் பூமி முனைக்கும் இடையே இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்தால் நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் கிடைக்கும். அந்தப் புள்ளி அசையாமல் நிற்க, அதிலிருந்து பூமி முனைக்கு 10 மைக்ரோ ஃபாரட் ஒன்றைப் போடுங்கள். சுருளின் ஒரு முனையை இந்த நடுப்புள்ளியில் இணைத்துவிடுங்கள். மறுமுனையிலிருந்து 47 கிலோ ஓம் வழியாக அனலாக் உள்ளீட்டுக்கு வாருங்கள். உள்ளீட்டிலிருந்து நடுப்புள்ளிக்கு ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள். 6 வோல்ட் ஏசியின் உச்சம் 8.5 வோல்ட், அது 57-இல் 10 பங்காகக் குறைந்து 1.5 வோல்ட் ஆகும். உள்ளீடு 1 வோல்ட்டுக்கும் 4 வோல்ட்டுக்கும் இடையில் ஆடும். சுமையில்லாத சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் 6-க்கு மேலேயே தருவது வழக்கம் என்பதால், மீதமுள்ள இடைவெளி தேவைதான்.

0 முதல் 5 வோல்ட் வரையை 0 முதல் 1023 வரையிலான எண்களாக மாற்றும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் இது 205-க்கும் 819-க்கும் இடைப்பட்ட எண்களாகப் பதிவாகும், நடுவில் 512. இனி டிசியைப் பிரிப்பதற்கு உறுப்பு எதுவும் வேண்டாம். பல முழு அலைகளின் சராசரியை எடுத்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைக் கழித்துவிடுங்கள், மிஞ்சுவது ஏசி. விருதுநகர் மாணவிக்கு எழுதிய வரையறையை மாணவர்கள் தங்கள் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இது. சராசரிக்கு எடுக்கும் நேரம் 20 மில்லி நொடியின் முழு மடங்காக இருக்கட்டும். பாதி அலையில் நிறுத்தினால், ஏசியின் ஒரு பகுதி டிசியாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேள்வி: இணைப்புக் கெபாசிட்டரில் பிளஸ் கால் எந்தப் பக்கம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: சராசரி மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும் பக்கம். மைக் சுற்றில் அது மைக்கின் முனை, ஈரோட்டு வாசகரின் ஆம்ப்ளிஃபையரில் அது வெளியீட்டு முனை. தெரியாத சுற்றானால், மின்தேக்கியைப் பொருத்துவதற்கு முன் அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே டிசி நிலையில் அளந்து, மீட்டர் காட்டும் குறியைப் பின்பற்றுங்கள். இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றாலோ, எது உயர்ந்தது என்பது மாறிக்கொண்டிருந்தாலோ, துருவமற்ற மின்தேக்கியைப் போடுங்கள். தலைகீழாகப் பொருத்திய எலக்ட்ரோலிட்டிக் (துருவமுள்ள) மின்தேக்கி சூடேறி, உப்பி, வெடிக்கவும் கூடும். முதன்முறை மின்சாரம் தரும்போது முகத்தைச் சுற்றின் மேலே கவிழ்க்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.